எச்சில் படாத ஏசு

தலித் கிறிஸ்தவன் எங்கே வாயைத் திறந்தாலும் ஒரு உபதேசம் வந்து குறுக்கே விழும். திருச்சபை என்பது கிறிஸ்துவின் உடல், சாதியைப் பேசி அந்த உடலைப் பிளக்காதீர்கள் என்று. விழுப்புரத்திலும் கேட்டிருக்கிறேன், திண்டிவனத்திலும் கேட்டிருக்கிறேன். கத்தோலிக்கச் சாமியார் சொல்லியும் கேட்டாச்சு, சி.எஸ்.ஐ. அய்யர் சொல்லியும் கேட்டாச்சு. சரி, உடலைப் பற்றியே பேசுவோம். எந்த உடல்? எச்சில் ஊறுகிற, வியர்க்கிற, பசிக்கிற, செத்தால் புதைக்க ஆறடி மண் கேட்கிற உடலா? இல்லை, படத்தில் மட்டும் சிவப்பாக இருதயம் தெரிகிற உடலா?

2025ஆம் ஆண்டு உலகம் முழுக்க நிசேயா சங்கத்தின் 1700ஆவது ஆண்டைக் கொண்டாடினார்கள். 325இல் கான்ஸ்டன்டைன் என்கிற ரோமானியப் பேரரசன் கூட்டிய ஆயர்கள் மாநாடு அது. அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்றொரு குருவானவர் இருந்தார் (நம்ம ஊர் ஆரியத்துக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை). கிறிஸ்து கடவுளுக்குச் சமம் இல்லை, அவரும் படைக்கப்பட்டவர்தான் என்றார். இல்லை, தந்தையும் மகனும் ஒரே பொருள் என்று மாநாடு முடிவு செய்தது. ஆரியுஸ் நாடு கடத்தப்பட்டார். அத்தோடு முடியவில்லை. ஒரே பொருளா, ஒத்த பொருளா என்று அடுத்த ஐம்பது வருஷம் வெட்டு குத்து நடந்தது. கிரேக்க மொழியில் இந்த இரண்டுக்கும் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். பிறகு 381இல் ஒரு சங்கம், 431இல் ஒரு சங்கம், 451இல் கல்செதோனில் ஒரு சங்கம். கிறிஸ்து முழுக்கக் கடவுள், முழுக்க மனுசன், இரண்டும் கலந்து குழம்பவும் இல்லை, பிரிந்து கிடக்கவும் இல்லை என்று அங்கே முடிச்சுப் போட்டார்கள். இதற்கு மாறாகப் பேசியதெல்லாம் பதிதம். பேசியவர்கள் பதிதர்கள்.

திண்டிவனத்தில் கல்லூரி மாணவர்கள் சிலரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி கேட்டார்: "ஏண்ணே, கல்லறைக்குப் பொணம் தூக்கிட்டுப் போறதுக்கு வழி உட மாட்டேங்கறான். அதப் பேசாம கிரேக்கத்துல எவன் என்னா சொன்னான்னா நமக்கு என்னா?" நியாயமான கேள்விதான். இந்தச் சண்டையை நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அதில் உடம்பு சம்பந்தப்பட்ட பகுதியை மறைத்துவிட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். மறைத்த பகுதியில்தான் நம்ம கல்லறை வழி இருக்கிறது.

ஆரியுஸ் எல்லாம் பின்னால் வந்தவர். அவருக்கு இருநூறு வருஷம் முந்தியே வேறொரு கூட்டம் இருந்தது. அவர்களைத் தோற்றவாதிகள் என்று சொல்லலாம். ஏசு கடவுள் என்பதில் அவர்களுக்குத் தகராறே இல்லை. அவருக்கு உடம்பு இருந்தது என்பதில்தான் தகராறு. சதையும் ரத்தமும் கேவலமான வஸ்து, கடவுள் அதைத் தொடுவாரா, உடம்பு இருந்த மாதிரி தோன்றியது, சிலுவையில் வலித்த மாதிரி தோன்றியது, அவ்வளவுதான் என்றார்கள். அந்தியோக்கியா ஆயர் இஞ்ஞாசியார் கிட்டத்தட்ட 110ஆம் ஆண்டு வாக்கில், காட்டு மிருகத்துக்கு இரையாக ரோமுக்கு விலங்கிட்டுக் கொண்டுபோகப்பட்டபோது, ஸ்மிர்னா ஊர்க்காரர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அவர் பாடு வெறும் தோற்றம் என்றால் என் கையில் கிடக்கிற விலங்கும் தோற்றந்தானா என்று கேட்கிறார். அதே கடிதத்தில் இன்னொன்றும் சொல்கிறார். இப்படிப் பேசுகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள், விதவையைப் பற்றி, அனாதையைப் பற்றி, சிறையில் கிடப்பவனைப் பற்றி, பசித்தவனைப் பற்றி இவர்களுக்கு அக்கறையே கிடையாது என்கிறார். ஞானசம்பந்தமான தப்பறையை அவர் கண்டுபிடித்த இடம் சோற்றுப் பானை. 1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகளைக் கொன்றார்களே, அது தோற்றமா? விலங்கு மாட்டப்பட்ட கையோடு அந்த ஆள் கேட்ட கேள்விதான் இது.

அடுத்து மார்சியன். கருங்கடல் கரையில் சினோப் ஊர்க்காரன், கப்பல் முதலாளி. ரோம் சபைக்கு இரண்டு லட்சம் செஸ்தெர்ஸ் காசு நன்கொடை கொடுத்தவன். 144இல் அவனை வெளியேற்றியபோது சபை அந்தக் காசையும் திருப்பிக் கொடுத்து அனுப்பியது. (இந்தக் காலத்தில் எந்த மறைமாவட்டமாவது எந்த மிராசுதாரின் நன்கொடையையாவது திருப்பிக் கொடுத்திருக்கிறதா? விசாரித்துச் சொல்லுங்கள்.) மார்சியனின் பிரச்சினை கர்ப்பம். கடவுள் ஒரு பொம்பளை வயிற்றில், அந்த ரத்தத்திலும் நீரிலும் கிடந்து பிறப்பதா? அசிங்கம் என்று நினைத்தான். அதனால் அவனுடைய ஏசு பிறக்கவே இல்லை, வளர்ந்த ஆளாக நேரே வந்து இறங்கிவிட்டார். கார்த்தேஜ் ஊர் தெர்த்துல்லியன் இதற்குப் பதில் எழுதினார். நீ எதைப் பார்த்து முகம் சுளிக்கிறாயோ அந்த வழியாகத்தானே நீயும் வந்தாய், மனுசப் பிறப்பை அருவருக்கிறவன் மனுசனை எப்படி நேசிப்பான் என்பது அவர் வாதத்தின் சாரம். இதைப் படித்தபோது எனக்கு இது ஏதோ ரோமாபுரிச் சங்கதி என்று தோன்றவே இல்லை. இதற்கு நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது. தீட்டு.

வாலந்தினுஸ் கூட்டத்தார் இன்னும் ஒரு படி மேலே. குழாய் வழியாகத் தண்ணீர் போவது மாதிரி ஏசு மரியாள் வழியாகக் கடந்து போனாராம், அவளிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லையாம். வாலந்தினுஸ் சொன்னதாக அலெக்சாந்திரியா கிளமெந்து ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார்: ஏசு சாப்பிட்டார், குடித்தார், ஆனால் மலம் கழிக்கவில்லை. சிரிக்காதீர்கள். சாமிக்குப் பீ வராது என்பது வெறும் பக்தி இல்லை. பீ பேளுகிறவனும் அதை அள்ளுகிறவனும் சாமிக்குச் சம்பந்தமில்லாதவர்கள் என்கிற ஏற்பாடு அது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், போதாமல் 2013இல் இன்னொரு சட்டம் போட்டும், இன்றைக்கும் குழிக்குள் இறங்கிச் சாகிறவன் யார்? 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித்துகள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்களே, அதற்குப் பிறகும் மலத்துக்கும் சாமிக்கும் சம்பந்தமில்லை என்று எவன் சொன்னாலும் அவன் வாலந்தினுஸ் பரம்பரைதான்.

இதையெல்லாம் திருச்சபை கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே பதிதம் என்று தள்ளிவிட்டது. பாராட்டுவோம். தள்ளிய சரக்கு எங்கே போய்க் கரை ஒதுங்கியது என்று பார்த்தால் நம்ம பக்கத்தில், புதுச்சேரியில். விழுப்புரமும் திண்டிவனமும் கத்தோலிக்கக் கணக்கில் இன்றைக்கும் புதுச்சேரி-கடலூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவைதான்.

1606இல் மதுரைக்கு வந்த நொபிலி, பூணூலும் சந்தனமுமாகப் பார்ப்பனச் சன்னியாசி வேஷத்தில் வேதம் சொன்ன கதை உங்களுக்குத் தெரியும். மேல்சாதிக்குச் சன்னியாசிச் சாமியார்கள், மற்ற சாதிகளுக்குப் பண்டாரச் சாமியார்கள் என்று சேசு சபையார் பிறகு பிரித்துக்கொண்டார்கள். ஞானஸ்நானத்தில் அப்போதெல்லாம் ஒரு சடங்கு உண்டு. குருவானவர் தன் எச்சிலைத் தொட்டு ஞானஸ்நானம் பெறுகிறவரின் காதிலும் மூக்கிலும் வைப்பார். ஏசு தரையில் துப்பிச் சேறு குழைத்துக் குருடன் கண்ணில் பூசினார் என்று யோவான் 9ஆம் அதிகாரம் சொல்கிறது. திக்குவாய்க்காரனின் நாக்கைத் தன் எச்சிலால் தொட்டார் என்று மாற்கு 7 சொல்கிறது. அதன் நினைவாக வந்த சடங்கு. இந்த ஊர் மேல்சாதிக்காரர்களுக்கு எச்சில் குமட்டியது. அதனால் சாமியார்கள் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டார்கள்.

1703இல் போப்பின் தூதராகப் புதுச்சேரியில் வந்திறங்கிய தூர்னோன், 1704 ஜூனில் ஒரு கட்டளை எழுதினார். எச்சில் சடங்கை விடக்கூடாது. பறையர் வீட்டில் நோயாளி கிடந்தால் சாமியார் அந்த வீட்டுக்குள் போய் அவஸ்தைப்பூசுதல் கொடுக்க மறுக்கக்கூடாது. இரண்டும் ஒரே கட்டளையில் வந்ததைக் கவனியுங்கள். ஏசுவின் எச்சிலும் பறையனின் குடிசையும் ஒரே பட்டியலில். இதற்கு எதிராகச் சேசு சபையார் நாற்பது வருஷம் மல்லுக்கட்டினார்கள். குடிசைக்குள் போனால் மேல்சாதிக்காரர்கள் வேதத்தை விட்டே போய்விடுவார்கள் என்பது அவர்கள் வாதம். 1744இல் போப் பதினான்காம் ஆசீர்வாதப்பர் கடைசித் தீர்ப்பு எழுதியபோது ஒரு சமரசம் உள்ளே நுழைந்தது. பறையருக்கென்று தனியாகச் சாமியார்களை வைத்துக்கொள்கிறோம் என்றார்கள், ரோமும் சரி என்றது. ஆக, குடிசைக்குள் சாமியார் வருவார். ஆனால் அந்தச் சாமியார் ஊர்த்தெருவுக்குள் போகமாட்டார். தீட்டை ஒழிக்க வந்த தீர்ப்பு தீட்டுக்குத் தனி ஆள் போட்டது.

அடுத்த வருஷமே, 1745 அக்டோபரில், புதுச்சேரியில் நடந்ததை ஆனந்தரங்கம் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கோயிலுக்குள் பறையர் கிறிஸ்தவர்களைப் பிரித்து ஒரு சுவர் இருந்தது. பறையர்கள் சாமியாரிடம் போய், நாங்களும் உங்கள் பிள்ளைகள் என்றால் இந்தச் சுவர் எதுக்கு என்று நியாயம் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் எகிறினார்கள். வெள்ளைக்காரச் சாமியார் வந்து நமக்குச் சமத்துவம் சொல்லிக்கொடுத்தார் என்று எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் திரும்பப் படிக்கட்டும். கேட்டவன் யார், கேட்கவைத்தவன் யார்?

எச்சில் விஷயத்தில் இன்னொன்று. பேஷ்வா ஆட்சியில் புனேயில் தீண்டப்படாதவர் தெருவில் துப்பிவிடக்கூடாது என்பதற்காகக் கழுத்தில் மண் கலயம் கட்டிக்கொண்டு போகவேண்டியிருந்ததை அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் எழுதியிருக்கிறார். எருசலேமில் தரையில் துப்பிய ஏசு புனேத் தெருவுக்கு வந்திருந்தால் அவர் கழுத்திலும் கலயம் தொங்கியிருக்கும். கல்செதோன் சொன்ன முழு மனுசனுக்கு இந்தியாவில் அர்த்தம் இதுதான். மனுசன் என்று பொதுவாக ஒருத்தன் இங்கே கிடையாது. கலயம் கட்டியவன் உண்டு, கட்டவைத்தவன் உண்டு. ஏசு இதில் யார் என்று சொல்லாமல் அவர் மனுசனாக அவதரித்தார் என்று மட்டும் சொன்னால் அதுவும் தோற்றவாதம்தான். ஏசுவின் கடவுள் தன்மையும் மனுசத் தன்மையும் சேருகிற புதிருக்குச் சாவியே அவருடைய தலித் தன்மைதான் என்று அர்விந்த் நிர்மல் சொன்னது இதனால்தான். பெங்களூரிலும் பிறகு சென்னை குருகுலத்திலும் இருந்து தலித் இறையியலைத் தொடங்கிவைத்தவர் அவர். மதுரை இறையியல் கல்லூரியில் இருந்த பரட்டை அண்ணன் என்கிற தியாபிலஸ் அப்பாவு, கடவுளை ஒரே உலையில் பொங்கித் தின்பதில் தேடினார். அவர் 2005இல் இறந்துபோனார். ஒரே உலை இன்னும் எந்த ஊரிலும் கொதித்தபாடில்லை.

மற்றப் பதிதங்களுக்கும் இங்கே கிளைகள் உண்டு. கடவுளும் மனுசனும் கிறிஸ்துவுக்குள் இரண்டு ஆளாகத் தனித்தனியே இருந்ததாகப் போதித்தார் என்று நெஸ்தோரியுசை 431இல் எபேசுவில் பதவி நீக்கினார்கள். (அவர் அப்படித்தான் சொன்னாரா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். பாவம், மனுசன்.) அதைச் செங்கல்லில் பார்க்கவேண்டுமா? திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்துக்குப் போங்கள். வெள்ளாளருக்கு ஒரு கை, நாடாருக்கு ஒரு கை என்று கால்சட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்து பீடத்தில் மட்டும் சேருகிற கோயிலை 1872இல் கட்டினார்கள். நடுச்சுவரை 1910இல் காவ்சானல் சாமியார் இடித்தார். உடனே வழக்குப் போட்டு உயர் நீதிமன்றம் வரை போனார்கள், தோற்றார்கள். அப்பொல்லினாரிஸ் என்பவர் வேறு சொன்னார்: ஏசுவுக்கு மனுச உடம்பு உண்டு, மனுச மூளை கிடையாது, அந்த இடத்தில் தெய்வ வார்த்தை உட்கார்ந்திருந்தது. இதை 381இல் தள்ளினார்கள். கோயில் கட்டக் கல் சுமக்க, பறையடிக்க, திருவிழாவுக்குத் தெருக்கூட்ட நம்ம உடம்பு வேணும், மறைமாவட்டத்துக்குத் தலையாக மட்டும் நாம் வேணாம் என்பது அப்பொல்லினாரிஸ் இல்லாமல் வேறென்ன?

அரசாங்கமும் சளைத்ததில்லை. கடலில் விழுந்த தேன் துளி மாதிரி மனுசத் தன்மை கடவுள் தன்மையில் கரைந்துபோனது என்று ஒற்றை இயல்புக்காரர்கள் சொல்வதாக அந்தக் காலத்தில் ஒரு உவமை உண்டு. 1950 குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி அதே உவமைதான். ஞானஸ்நானத் தண்ணீரில் சாதி கரைந்துவிட்டதாம், ஆகவே நீ பட்டியல் சாதி இல்லையாம். 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கரையாமல் கிடைத்தது. நமக்கு மட்டும் கரைந்தது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் கொடுத்த அறிக்கையில் அந்தப் பத்தியை நீக்கச் சொல்லியும் ஒன்றும் நகரவில்லை. தமிழ்நாட்டில் நம்ம பையன் சர்டிபிகேட்டில் பி.சி., தெருவில் பழைய பேர்.

இப்போது எறையூர். அன்றைக்கு விழுப்புரம் மாவட்டம், 2019க்குப் பிறகு கள்ளக்குறிச்சி மாவட்டம். செபமாலை அன்னை கோயிலில் தலித்துகளுக்குத் தனி இடம். பிணம் தூக்கத் தனி வண்டி, தனி வழி, தனிக் கல்லறை. பொறுக்கமுடியாமல் தலித்துகள் தாங்கள் எழுப்பிய சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக்கச் சொல்லி 2008 மார்ச்சில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். மார்ச் 9ஆம் தேதி வன்னியக் கிறிஸ்தவர்கள் திரண்டு வந்து தலித் வீடுகளைத் தாக்கினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர்கள் இரண்டு பேர் செத்தார்கள். அந்த இரண்டு சாவும் சாதி தின்ற சாவுதான், அதில் நமக்குக் கொண்டாட ஒன்றுமில்லை. ஆனால் உடலைப் பிளந்தவன் யார் என்று சொல்லுங்கள். தனிப் பங்கு கேட்டவனா, தனி வண்டி வைத்தவனா? பிளந்து கிடக்கிற உடம்பில் நமக்குக் கிடைத்த துண்டுக்கு ஒரு பூசை கேட்டால் அது பிரிவினையாம். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவனுக்கும் செத்தவனுக்கும் நடுவே சுவர் எழுப்பியதே, அது ஒற்றுமையாமா?

திருச்சபை ஒன்றுமே சொல்லவில்லை என்று நான் சொல்லமாட்டேன். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை என்று வெளியிட்டது. சாதிப் பாகுபாடு பெரிய சமூகப் பாவம் என்று அதில் ஒத்துக்கொண்டார்கள். என் சண்டையே அந்தப் பாவம் என்கிற வார்த்தையோடுதான். பாவம் என்றால் சனிக்கிழமை சாயந்திரம் பாவசங்கீர்த்தனம் பண்ணிவிட்டு ஞாயிற்றுக்கிழமை நன்மை வாங்கலாம். அடுத்த சாவுக்கு அதே தனி வண்டியை எடுக்கலாம். பதிதம் அப்படியில்லை. 1983 திருச்சபைச் சட்டம் 751, விசுவாச சத்தியத்தைப் பிடிவாதமாக மறுப்பது பதிதம் என்கிறது. 1364, பதிதனுக்குச் சபை விலக்கு என்கிறது. ஏசுவின் உடம்பில் பங்குபெற்ற இன்னொரு உடம்பைத் தீட்டு என்று தலைமுறை தலைமுறையாகப் பிடிவாதம் பிடிப்பது எந்தக் கணக்கு?

முடியாத காரியம் இல்லை இது. தென்னாப்பிரிக்காவில் வெள்ளையரின் டச்சு சீர்திருத்தச் சபை 1857இல், சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு, கறுப்பருக்குத் தனித் திருவிருந்து வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானம் போட்டது. நொபிலி காலத்து வாதம் அப்படியே கப்பலேறிப் போன மாதிரி இருக்கிறது. அந்தப் பலவீனம் வளர்ந்து நிறவெறி அரசாங்கமானது. 1982இல் கனடாவின் ஒட்டாவாவில் சீர்திருத்தச் சபைகளின் உலகக் கூட்டமைப்பு கூடியபோது, ஆலன் போசக் முதலான கறுப்புத் தோழர்கள் வெள்ளையரோடு திருவிருந்தில் உட்கார மறுத்தார்கள். நிறவெறிக்கு இறையியல் நியாயம் சொல்வது பதிதம் என்று அந்த மாநாடு அறிவித்தது. இரண்டு வெள்ளைச் சபைகளை இடைநீக்கம் செய்தது. போசக்கையே தலைவராகவும் தேர்ந்தெடுத்தது. திண்டிவனத்துக்காரர்கள் இதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் பள்ளிக்கூடம் கட்டிய ஆற்காடு மிஷன், அமெரிக்காவின் சீர்திருத்தச் சபை அனுப்பியது. அந்தக் குடும்பம்தான் ஒட்டாவாவில் உட்கார்ந்திருந்தது. ஆப்பிரிக்காவில் பதிதம், ஆற்காட்டில் பழக்கவழக்கமா?

ஒரு தோழர் கேட்டார், பதிதன் என்பது அதிகாரத்தின் தடி, அதையா நாம் கையில் எடுப்பது என்று. 1599இல் உதயம்பேரூரில் சங்கம் கூட்டி, நெஸ்தோரிய வாடை அடிக்கிறது என்று தோமாக் கிறிஸ்தவர்களின் சிரியாக் ஏடுகளைப் போர்த்துக்கீசிய மேற்றிராணியார் கொளுத்தினார். புத்தகம் எரிந்தது, சாதி எரியவில்லை. அதனால் அவர் பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் அந்தச் சொல்லையே கொஞ்சம் உரசிப் பாருங்கள். பதிதன் என்றால் வடமொழியில் விழுந்தவன். தர்ம சாஸ்திரத்தில் சாதியிலிருந்து விழுந்தவனுக்குப் பெயர் அது. நாம் முன்னாளில் பௌத்தர்கள், அதனாலேயே தாழ்த்தப்பட்டோம் என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதினார். 1948இல் அண்ணலும் தீண்டப்படாதார் பற்றிய நூலில் அப்படித்தான் வாதாடினார். சாஸ்திரக்காரன் சாதி கெட்டவனுக்கு வைத்த பெயரைத்தான் தமிழ்க் கத்தோலிக்கம் கொள்கை கெட்டவனுக்கு எடுத்து வைத்துக்கொண்டது. நம் முதுகில் ஒட்டிய சீட்டு. அதைப் பிய்த்து ஒட்டவேண்டிய முதுகில் ஒட்டச் சொல்கிறேன், அவ்வளவுதான். யாரையும் கொளுத்தவேண்டாம். இரண்டு கல்லறை இருக்கிற ஊரில் திருவிழாப் பூசைக்கு ஆயர் கால் வைக்கக்கூடாது. தனி வண்டிக்குச் சாவி வைத்திருக்கிறவனுக்கு நன்மை கிடையாது. ஒரு வருஷம் செய்து பார்க்கட்டும்.

மனு எழுதத் தெரிந்த தம்பிகள், தங்கச்சிகள் எழுதுங்கள். புதுச்சேரிக்கு ஒன்று, வேலூருக்கு ஒன்று. வேலை வாய்ப்பு, கல்வி நிதி, கமிட்டி என்று கேட்டு நீட்டவேண்டாம், அதற்கெல்லாம் அவர்களிடம் அச்சடித்த பதில் இருக்கிறது. ஒரே கேள்வி: யோவான் 9இல் தரையில் துப்பினாரே, அந்த எச்சில் தீட்டா, இல்லையா? பதில் எழுத்தில் வேண்டும், ஆயரின் முத்திரையோடு.